வேக்குவம் போடாமல் விடமாட்டேன்

புது ஏசிக்கு இலவச இன்ஸ்டலேஷன் என்று கடையில் சொன்னார்கள். வந்த தம்பியின் பையில், பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப்பே இல்லை. “காஸைக் கொஞ்சம் திறந்து விட்டா உள்ள இருக்கிற காத்து வெளிய போயிடும் சார். எல்லா வீட்லயும் இப்படித்தான் பண்றோம்” என்றார். சுவருக்குள் ஓடும் பழைய காப்பர் பைப்பையே புது ஏசிக்கும் மாட்டிவிடலாமாம். ஸ்டாண்டு, வயர் என்று தனித்தனியாகக் காசு கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த இரண்டையும் முடியாது. டீ கொடுத்து அனுப்பிவிட்டு நானே இறங்கிவிட்டேன்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. பழைய ஏசியில் இருந்தது ஆர்-22, ஓசோனைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ஒழித்துக்கொண்டு வரும் காஸ். புதியது ஆர்-32. அது பழையதைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு அழுத்தத்தில் ஓடும். பழைய பைப்புக்குள் படிந்திருப்பது மினரல் ஆயில். புது கம்ப்ரஸரின் ஆயில் வேறு ரகம். அதில் ஈரம் சேர்ந்தால் அமிலமாகிக் கம்ப்ரஸரையே அரிக்கும். அந்த ஈரத்தை எடுக்கத்தான் வேக்குவம். போதாக்குறைக்கு ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் ரகம். அதைத் திறந்துவிட்டுக் காற்றை விரட்டுகிறாராம்!

பழையதைக் கழற்றும்போது அடுத்த கூத்து. எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துப்போக வந்தவர்கள் பைப்பை வெட்டக் கட்டரை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் காஸ் மொத்தமும் காற்றோடு போய்விடும். கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோரில் சின்ன பைப்பின் வால்வை ஆலன் கீயால் மூடினேன். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் பூஜ்யத்தை நெருங்கியதும் பெரிய வால்வையும் மூடி உடனே ஆஃப். காஸ் எல்லாம் அவுட்டோருக்குள் அடங்கிவிட்டது. கம்ப்ரஸர் ஓடுகிற, பைப்பில் ஓட்டை இல்லாத மெஷினில் மட்டும் இதைச் செய்யுங்கள். காற்றையும் சேர்த்து உறிஞ்சினால் கம்ப்ரஸர் வெடித்துவிடும் ஆபத்து உண்டு.

ஸ்டாண்டு அடித்தது, இன்டோர் மாட்டியது, வெளிப்பக்கம் சரிகிற மாதிரி டிரெயின் பைப் விட்டது எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. எர்த்தையும் 20 ஆம்பியர் எம்சிபியையும் எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொண்டார்.

வேக்குவம் பம்ப்பை வாடகைக்கு எடுத்த கடையில் கிளம்புவதற்கு முன்பே கேட்டேன், ஆர்-32க்கு இந்த ஹோஸ் சேருமா என்று. “எல்லாத்துக்கும் ஒரே சைஸ்தான் சார்” என்று தலைநிமிராமல் சொன்னார் கல்லாவில் இருந்தவர். வீட்டுக்கு வந்து மாட்டினால் உட்காரவில்லை. ஹோஸ் கால் இஞ்ச், அதை மாட்ட வேண்டிய வாய், அதாவது என் அவுட்டோரின் சர்வீஸ் போர்ட், 5/16 இஞ்ச். மொட்டை வெயிலில் திரும்பப் போனால், அதே ஆள் டிராயரிலிருந்து அடாப்டரை எடுத்து நீட்டி, “இதை முதல்லயே கேட்டிருக்கலாமே” என்றார். என்னத்தைச் சொல்ல! போர்ட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அப்புறம் பம்ப்பை ஓட்டினேன். பைப்புக்குள் மிச்சமிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் எண் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கியது. பம்ப்பை நிறுத்தியதும் அந்த எண் மளமளவென்று ஏற ஆரம்பித்தது. லீக். முள் வைத்த சாதாரண மேனிஃபோல்டு மீட்டரில் இது தெரிந்தே இருக்காது. மைக்ரான் மீட்டரையும் சேர்த்து வாடகைக்கு எடுங்கள். இன்டோர் பக்க நட்டைக் கழற்றி, போன் டார்ச்சில் பார்த்தால், ரெடிமேடாக வாங்கிய புது பைப்பின் விரிந்த வாயில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அந்த நுனியை வெட்டி எறிந்தேன். தூள் உள்ளே விழாமல் பைப்பைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிறை எடுத்து, நட்டை முதலில் கோத்துவிட்டு, பைப்பின் வாயை விரித்துப் புதிதாக ஃபிளேர் போட்டேன். முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் இருந்த அளவுக்கு முறுக்கினேன். இந்த முறை எண் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் வால்வைத் திறந்து காஸை விட்டேன். எல்லா ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை.

மிச்சம் வாரன்டி. “எங்க ஆள் மாட்டலைன்னா கிடையாது சார்” என்றது கஸ்டமர் கேர். அப்படியானால் வேக்குவம் போடாமல் மாட்டப் பார்த்தது உங்கள் ஆள்தான் என்று எழுதியே அனுப்புகிறேன் என்றதும் குரல் இறங்கியது. கட்டணம் வாங்கிக்கொண்டு சோதிக்க ஆள் அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். எல்லாக் கம்பெனியும் இப்படி இறங்கி வரும் என்று சொல்ல முடியாது, மெஷின் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வந்தவர் அழுத்தமும் ஆம்பியரும் அளந்து, ஒரு குறையும் சொல்லாமல் வாரன்டி கார்டில் கையெழுத்துப் போட்டார். ஆனால் சீரியல் நம்பரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அவர் வண்டியை எடுப்பதற்குள் ஓடிப்போய்த் திருத்தி வாங்கினேன்.