ஊசியில் நூல்

"ஊசியில நூல் கோக்க மாட்டீங்குது தம்பி." ஐந்தாவது நாள் பிசியோதெரபி சிகிச்சை முடிந்து சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். நான் அடுத்த ஆளுக்குத் துண்டை விரித்தபடி, "கண்ணாடி பவரைப் பாருங்கண்ணா, நாப்பத்தஞ்சு தாண்டினா எல்லாருக்கும் அப்படித்தான்" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். நடந்தது இவ்வளவுதான்.

அவர் லேடீஸ் டெய்லர். வலது கழுத்தில் தொடங்கி தோள், கை வழியாக நடுவிரல் வரை இழுக்கும் வலி, விரல் மரத்துப்போயிருந்தது. கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் குறையும். தலையை வலப்பக்கம் சாய்த்து மேலிருந்து அழுத்தினால் கரண்ட் அடிக்கிற மாதிரி பாயும். முழங்கையை நீட்டும் பலமும் கொஞ்சம் கம்மி. கழுத்திலிருந்து கைக்கு வரும் ஏழாவது நரம்பு, சி7, அமுங்கியிருக்கிறது; படித்தது அப்படியே எதிரில் வந்து உட்கார்ந்திருந்தது. "முடிவெட்டற கடையில எடுக்கற மாதிரி ஒரு சொடக்கு எடுத்து விடுங்க" என்று கேட்டதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வம்பே நமக்கு வேண்டாம்.

மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு கை பிடரிக்கு அடியில், ஒரு கை தாடையில், மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடித்து விடுவேன். மூன்றாவது இழுப்பில் "அம்மாடி" என்று கண்ணை மூடிக்கொள்வார். மூன்றாம் நாளே ராத்திரி தூங்கினேன் என்றார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருக்க வேண்டும். இந்த வகை வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரம், சில மாதத்தில் தானாகவே அடங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் கைக்குக் கீழே ஒருவர் "அம்மாடி" என்னும்போது அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

தண்டுவடமும் அமுங்கியிருக்கிறதா என்று முதல் நாள் எல்லாம் பார்த்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் தானாக மடங்குகிறதா, குதிகாலும் பெருவிரலும் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடிகிறதா. கோளாறு எதுவும் இல்லை என்று கார்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆனால் நூலைப் பிடிப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். அவருக்கு மரத்திருந்தது நடுவிரல். முப்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவருக்குக் கோளாறு கண்ணிலா கையிலா என்று தெரியாதா? "எந்தக் கை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இரண்டும் என்றிருப்பார். இரண்டு கையும் என்றாலே சந்தேகம் ஒரு நரம்பை விட்டுத் தண்டுவடத்துக்குப் போய்விடும்.

முகூர்த்த சீசன், பிளவுஸ் வேலை என்று எட்டு நாள் வரவில்லை. ஒன்பதாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றார். நகத்தைச் சுண்டினேன், இரண்டு கட்டைவிரலும் மடங்கின. விரல்களை மூடித் திறக்கச் சொன்னேன், பத்து விநாடியில் இருபது தடவையாவது வரவேண்டும், பதின்மூன்றுதான் வந்தது. கழுத்தைத் தொடாமல் அன்றைக்கே கடிதம் கொடுத்து அனுப்பினேன். எம்ஆர்ஐயில் டிஸ்க் தண்டுவடத்தையே அழுத்திக்கொண்டிருந்தது. கழுத்தின் முன்பக்கமாக ஆபரேஷன் செய்தார்கள்.

ஒரு வாரத்தில் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று சர்ஜன் சொன்னார். நான் கேட்ட விதத்துக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார். ஐந்தாம் நாள் இழுத்ததைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

அதற்கப்புறம் மேஜையில் ஊசியும் நூலும் வைத்து, வருகிறவர்களையெல்லாம் கோக்கச் சொன்னேன். ஒரு பாட்டிக்கு வரவில்லை. பயந்துபோய் ஸ்கேனுக்கு அனுப்பினேன், ரிப்போர்ட்டில் வயசுக்கான தேய்மானம்தான், பாட்டிக்கு உண்மையிலேயே கண்தான் பிரச்சினை. அவர் மகன் சத்தம் போட்டதில் தப்பில்லை. ஊசியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இப்போது சட்டைப் பட்டன் போடும் கையைக் கவனிக்கிறேன், சில நாள் அதுவும் மறந்துபோகிறது.

அவர் கடை திறந்துவிட்டார். ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பது மட்டும் மனைவி. "தம்பிதான் கண்டுபிடிச்சாரு" என்று ஆட்களை வேறு என்னிடம் அனுப்புகிறார், நான் மறுக்கவில்லை. ஐந்தாம் நாள் கார்டில் "வலி 8லிருந்து 3, நல்ல முன்னேற்றம்" என்று இருக்கிறது. ஊசியைப் பற்றி ஒரு வரி இல்லை. சேர்த்துவிடலாமா என்று இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். இப்போது எழுதினால் அது வேறு தப்பு.