ஓலைச்சுவடி மின்னாக்கம்: ஏட்டு வரிசை கலையாமல் முடித்த விதம்

ஓலைச்சுவடி மின்னாக்கத்தில் படமெடுப்பது எளிய பகுதி. ஏட்டு வரிசையைக் காப்பாற்றுவதில்தான் எங்கள் நேரமெல்லாம் போனது. கயிற்றை அவிழ்க்குமுன் சுவடிக்கட்டை நான்கு பக்கமும் படமெடுத்துவிடுங்கள்.

ஏட்டெண் பெரும்பாலும் முன்பக்க இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும். 125 என்றால் ௱௨௰௫. ஓரம் தேய்ந்த ஏட்டில் ௧ எது, ௪ எது என்று தடுமாறும். ஓர் ஏட்டின் கடைசிச் சொல் அடுத்த ஏட்டின் தொடக்கத்தோடு ஓடுகிறதா என்றும் படித்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கலைந்த கட்டென்றால், இருக்கும் வரிசையிலேயே படமெடுத்து, சரியான வரிசையைப் பட்டியலில் மட்டும் குறியுங்கள். கலைந்திருக்கும் விதமும் சான்றுதான்.

தூசியை மென்தூரிகையால் நார் ஓடும் நீளவாக்கில் தள்ளுகிறோம். கீறி எழுதிய ஏடு என்பதால் எத்தில் ஆல்கஹால் தொட்ட பஞ்சு எழுத்தைக் கெடுக்காது. தண்ணீர் பட்டால் ஏடு உப்பி வளையும். எழுத்து தெரியாத ஏட்டுக்கு மட்டும் விளக்குக்கரியை எலுமிச்சைப்புல் எண்ணெயில் குழைத்து மையாடுகிறோம். எண்ணெய் காயுமுன் படமெடுத்தால் பளபளப்பு வரிகளை விழுங்கிவிடும். ஒட்டிய ஏடுகளுக்கிடையே கத்தியை நுழைக்கவே கூடாது.

ஸ்கேனர் வேண்டாம்; மூடி அழுத்தி, முறுகிய ஏடு ஒடியும். கேமராவைக் கீழ்நோக்கியபடி தாங்கித் தூணில் பொருத்தி, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்தால் போதும். 40 செ.மீ. ஏட்டுக்கு ஓரம் சேர்த்து 43 செ.மீ. அகலம் பிடிக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் அங்குலத்துக்குச் சுமார் 350 பிக்சல்தான் கிடைக்கும், 45 மெகாபிக்சலில் 490 அளவுக்கு வரும். நீளம்தான் தெளிவைத் தீர்மானிக்கிறது என்பதால், 3.5 செ.மீ. அகல ஏடுகள் ஆறை ஒரே படத்தில் அடுக்கினாலும் இழப்பில்லை. அளவுகோலுக்கும் வண்ண அட்டைக்கும் இடம் இருக்கும். ஆபத்து திருப்பும்போதுதான். ஏடுகளை அள்ளித் திருப்பினால் வரிசை தலைகீழாகிவிடும். ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே, மேல்விளிம்பு கீழே வரும்படி புரட்டுங்கள். 45 மெகாபிக்சல் டிஃப் (TIFF, தரம் குறையாத மூலப்படம்) கோப்பு ஒன்று ஏறக்குறைய 136 எம்.பி.; 100 ஏட்டுச் சுவடிக்கு இரு பக்கமும் சேர்த்து 34 படங்கள், 4.6 ஜி.பி. இணையத்தில் ஏற்றுவது அதிலிருந்து எடுத்த ஜேபெக் நகல்.

பட்டியலில் 'தலைப்பு இல்லை' என்று எழுதுமுன் கடைசி ஏட்டைப் பாருங்கள்; நூற்பெயரும் படியெடுத்தவர் பெயரும் பல சுவடிகளில் அங்கேதான் இருக்கும். 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1807 ஆகலாம், 1867 ஆகலாம். ஆங்கில ஆண்டாக மாற்றாமல் அப்படியே பதியுங்கள். பழைய ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது. ஆகவே நூற்பெயரை ஏட்டில் உள்ளபடி ஒருமுறையும் இன்றைய எழுத்துமுறையில் ஒருமுறையும் பதிந்தால்தான் தேடுபவர் கண்ணில் படும்.