ரன்வேயை நடந்தே கடந்தேன்

ஸ்பெயினின் தெற்கு ஓரத்தில் பிரிட்டன் வசம் இருக்கும் குட்டி ஊர் ஜிப்ரால்டர். அங்கே பார்க்க வேண்டியது குரங்குகள் இல்லை, விமான நிலையம். அதுவும் இலவசம்.

ஸ்பெயினின் மலகா நகரிலிருந்து மூன்று மணி நேர பஸ். ஏசி ஓடவில்லை, ஜன்னலும் திறக்காது. எல்லை ஊரான லா லீனியாவில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் ஸ்பெயின் முடிந்துவிடுகிறது. எல்லையைத் தாண்டியதுமே ஒரு டாக்ஸிக்காரர் மறித்து, "ஊர் ரொம்ப தூரம், நடக்க முடியாது" என்றார். பச்சைப் பொய். இருபது நிமிட நடைதான், அதுவும் ஓடுதளத்தின் குறுக்கே!

நம்மூர் ரயில்வே கேட் மாதிரியேதான். சைரன் அடித்துத் தடுப்பை இறக்கினார்கள். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். விமானம் காதைப் பிளந்துகொண்டு இறங்கியபோதும் நிமிரவில்லை. தடுப்பு ஏறியதும் டயர் தேய்த்த கறுப்புக் கோடுகளை மிதித்துக்கொண்டு நடந்தோம். 2023 மார்ச்சில் சுரங்கச் சாலை திறக்கும்வரை கார்களும் இதே வழிதானாம். இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும்.

குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இடம் இது. இரண்டாம் உலகப் போரில் மலையைக் குடைந்தெடுத்த கல்லைக் கடலில் கொட்டி ஓடுதளத்தை நீட்டினார்கள். இன்றும் சுமார் 1,800 மீட்டர்தான். வம்பே நிலத்தில்தான். 1713 உட்ரெக்ட் ஒப்பந்தத்தில் நகரையும் கோட்டையையும் துறைமுகத்தையும்தான் பிரிட்டனுக்குக் கொடுத்தோம், இந்த மணல்திட்டைக் கொடுக்கவில்லை என்கிறது ஸ்பெயின். காலங்காலமாக நாங்கள்தானே இருக்கிறோம் என்கிறது பிரிட்டன். 1969இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ எல்லையையே பூட்டிவிட்டார். முழுதாகத் திறக்க 1985 ஆனது. 2006இல் சமரசம் பேசி மாட்ரிட்டுக்கு விமானம் விட்டார்கள், அதுவும் நிலைக்கவில்லை. காற்று சரியில்லாத நாளில் விமானங்கள் மலகாவுக்குத் திருப்பிவிடப்படும். மூன்று மணி நேர பஸ்ஸில் நான் பட்ட பாடு அந்தப் பயணிகளுக்கும்!

அப்புறம் சாப்பாடு. எண்ணெய் சொட்டும் மீன் வறுவலுக்குக் கொடுத்த காசில் லா லீனியாவில் இரண்டு வேளை சாப்பிட்டிருக்கலாம். யூரோவில் கொடுத்தேன், மீதியை ஜிப்ரால்டர் பவுண்டில் தந்தார்கள். வாங்கும்போது எனக்கு உறைக்கவில்லை.

திரும்பும்போது மறுபடி கேட் போட்டுவிட்டார்கள். இன்னொரு விமானத்தை வாய் பிளந்து பார்த்ததில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க அந்தப் பவுண்டு நோட்டை நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் தொடக்கூட இல்லை.