லீனாவின் மாடியில் ஒரு மாலை

நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனிக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது சரடோகா ஸ்பிரிங்ஸ். குதிரைப் பந்தயத்துக்கும் கனிம ஊற்றுகளுக்கும் பேர் போன சிறு நகரம். காங்கிரஸ் பூங்காவில் ஊற்று நீரைக் குடித்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது; ஒரு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. பந்தயத் திடல் பக்கம் போகவே இல்லை. நான் அந்த ஊருக்குப் போனது ஃபிலா தெருவில் 47ஆம் எண் கட்டடத்தின் மாடிக்காக.

அங்கேதான் கஃபே லீனா இருக்கிறது. 1960ஆம் ஆண்டு மே மாதம் பில் ஸ்பென்சரும் அவர் மனைவி லீனாவும் தொடங்கிய காபிக்கடை. சில ஆண்டுகள் நடத்திக் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பணமும் சேரவில்லை, ஐரோப்பாவும் வாய்க்கவில்லை. கணவர் பிரிந்து போனார். லீனா கடையை விடவில்லை. ஊர் ஊராகப் பாடித் திரிந்த நாட்டுப்புறப் பாடகர்களுக்கு மேடையும் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தார். 1961இல், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகர் பாப் டிலன் வெளியே அதிகம் தெரியாத இளைஞராக இங்கே பாடியபோது கூட்டம் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்ததாம். பில் மேடையேறி எல்லோரையும் கண்டித்தாராம். இந்தக் கதையை அன்று மாலை இருவர் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். டிலன் பாடினார் என்பதைவிடக் கூட்டம் கண்டிக்கப்பட்டது என்பதைத்தான் இருவருமே அழுத்திச் சொன்னார்கள்.

1989இல் கடையின் மாடிப்படியில் தவறி விழுந்த லீனா, அந்தக் காயங்களிலிருந்து மீளாமல் இறந்துபோனார். கடையும் அத்தோடு மூடப்பட்டிருக்க வேண்டியதுதான். ஆனால் நண்பர்களும் ரசிகர்களும் சேர்ந்து அதை லாப நோக்கற்ற அமைப்பாக மாற்றி எடுத்து நடத்தினார்கள். அமெரிக்காவில் இடைவிடாமல் நடந்துவரும் மிகப் பழைய நாட்டுப்புற இசைக்கூடம் என்று இன்று இதைச் சொல்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் சிலரே. மற்றபடி கதவு திறப்பது, காபி கொண்டுவருவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் தன்னார்வலர்கள்.

நிகழ்ச்சிக்கு வெகு நேரம் முன்பே போய்விட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாசலில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சின்னச் சின்ன மேசைகள். கல்லூரி மாணவி ஒருத்தி ஒவ்வொன்றையும் துடைத்து நாற்காலிகளை மேடை பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தூண் மறைக்கக் கூடாது, முன்னால் இருப்பவர் தலை மறைக்கக் கூடாது என்று தானே உட்கார்ந்து பார்த்து நகர்த்தினாள். யாரும் அவளை மேற்பார்வை செய்யவில்லை.

சமையலறைத் தொட்டியருகே நின்றவரிடம்தான் அதிகம் பேசினேன். வயதில் மூத்தவர், பகலில் கணக்கர். “இங்கே நின்றால் பாட்டைக் கேட்க முடியுமா?” என்றேன். பீங்கான் கோப்பைகளைப் பாட்டு நடக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று அடுக்க மாட்டார்களாம். கைதட்டல் எழும்போது அடுக்குவார்களாம். “அதனால் பாட்டு எப்போது முடியும் என்று காதைத் தீட்டிக்கொண்டே நிற்பேன். உட்கார்ந்து கேட்பவர்களைவிட நான்தான் நன்றாகக் கேட்கிறேன்” என்றார். பெருமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

அன்று பாடியவர் பான்ஜோ என்னும் நரம்புக் கருவி வாசிக்கும் ஒரு பெண். அப்பலாச்சிய மலைப்பகுதியின் கதைப்பாடல்கள், பாதிக்கு மேல் துணைக்கருவியே இல்லாமல். அடிகள் நீளமானவை, கொலையும் பிரிவும் நிறைந்தவை. மேசைக்குக் காபி கொண்டுவந்த மாணவி ஒரு பாட்டின் நடுவில் வந்துவிட்டாள். சுவரோரம் அப்படியே நின்றாள். பாட்டு முடிந்து கைதட்டிய பிறகுதான் தட்டை இறக்கினாள். காபி சற்று ஆறியிருந்தது. எங்கள் மேசையில் அதை யாரும் குறையாக எண்ணவில்லை. பரிமாறுகிறவரே பாட்டுக்கு மரியாதை கொடுத்து நிற்கும்போது, உட்கார்ந்திருப்பவனுக்குத் தொலைபேசியை எடுக்கக் கை வருமா? எத்தனையோ பெரிய அரங்குகளில் ‘அமைதி காக்கவும்’ என்ற அறிவிப்பைப் பார்த்திருக்கிறேன். அந்த அறிவிப்பால் முடியாததை இந்த மாணவி செய்துவிட்டாள்.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. கூடம் சிறியது, சுமார் 110 பேர்தான் உட்காரலாம். இவ்வளவு குறைந்த டிக்கெட் வருமானத்தில் எல்லா வேலைக்கும் சம்பளம் கொடுத்தால் பாடுகிறவர் கைக்கு என்ன மிஞ்சும்? கோப்பை கழுவும் கணக்கர் தன் மாலைப் பொழுதைக் கொடுப்பதால்தான், பெரிய அரங்குகள் கூப்பிடாத ஒரு பான்ஜோக்காரர் இங்கே வந்து போக முடிகிறது. பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது இசை. அதற்காக அவர் பாத்திரம் கழுவுவதை நான் தியாகம் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அது வேண்டியிருக்கிறது.

2016இல் கட்டடத்தைப் பெரிதாகப் புதுப்பித்தபோது மின்தூக்கி வைத்தார்கள். லீனா விழுந்த இடத்தில் இது வெறும் வசதி அல்ல. அன்று முன்வரிசையில் இருந்தவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள், ஊன்றுகோலோடு வந்தவர்களும் உண்டு. இளமையில் லீனாவின் கையால் காபி வாங்கிக் குடித்ததாக அவர்களில் ஒருவர் சொன்னார். இங்கே பதிவான பழைய ஒலிநாடாக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்கள் 2013இல் மூன்று குறுந்தகடுகளாக வெளிவந்தன. ஊருக்குப் போகுமுன் அவற்றைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். நியூயார்க் நகரத்திலிருந்து ரயில் உண்டு. ஆல்பனி வரை பெரும்பாலும் ஹட்சன் ஆற்றங்கரையிலேயே ஓடும், போகும்போது இடது பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. கோடையில், குறிப்பாக ஆகஸ்டில், பந்தயக் கூட்டத்தால் அறை வாடகை ஏறிவிடும்; இலையுதிர்காலம் மேல். கூடம் சிறியது என்பதால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பிரபலமானவர் பாடும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். திறந்த மேடை நடக்கும் மாலையில் போனால், ஊர்க்காரர்கள் இரண்டொரு பாட்டோடு மேடையேறுவதைப் பார்க்கலாம். அடுத்த முறை நான் அப்படி ஒரு நாளில்தான் போவேன்.