ஆபீஸில் நான் என் அப்பா

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். அதில் அப்பா பெயர் முழுசாக இருந்தது, என் பெயருக்கு ஒரே ஓர் எழுத்து. நாம் இனிஷியலாகப் போடுவது அவர்கள் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' ஆகிவிடுகிறதே, அதனால் வந்த வினை. வீட்டில் அப்பா பெயரை வாய்விட்டுச் சொல்லவே தயங்கி வளர்ந்தவன், அந்தப் பெயரைச் சொல்லி நாலு பேர் "டெஸ்டிங் இன்னும் முடியலையா?" என்று அதட்டும்போது "இதோ முடிச்சிடறேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் பெயரில் ழ உண்டு, வெளிநாட்டு டீம் ஆட்கள் இஸட்டையும் ஹெச்சையும் பார்த்துவிட்டு அதைக் கொத்துக்கறி போடுவதைவிட, அவர்கள் நாக்குக்குச் சுலபமான அப்பா பெயரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சோம்பல் பாதி, கூச்சம் பாதி.

ஒருநாள் சீனியர் ஒருவர், நல்லெண்ணத்தில்தான், "உங்க கம்யூனிட்டி பேர் ஏதாவது இருக்குமே, அதை சர்நேமா போட்டா குழப்பமே வராது" என்றார். சுருக்கென்றது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், அப்புறம் அப்படி விட்டவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். அவர் வெட்டிய வாலை நான் ஒரு சாப்ட்வேர் கட்டத்தை நிரப்புவதற்காக எடுத்து ஒட்டிக்கொள்வதா? "அப்படி எதுவும் இல்லைங்க" என்றேன். அதுவரை இனிஷியலை ஒரு தொல்லையாகத்தான் நினைத்திருந்தேன், அன்றைக்குத்தான் அந்த ஓர் எழுத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது.

தொல்லை இல்லாமலும் இல்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்ட நண்பனுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் எஃப்என்யூ என்று வந்தது. முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். அங்கே அவனுக்கு வங்கிக் கடிதமே 'அன்புள்ள எஃப்என்யூ' என்றுதான் வரும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது இன்னொருவன் துபாய் பயணத்தையே தள்ளிப்போட்டான். அவர்களைப் பார்க்க நான் எவ்வளவோ தேவலை.

ஆனாலும் கடைசியில் மாற்றச் சொன்னேன், காரணம் அப்பாதான். வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் ஸ்பீக்கரில் மேனேஜர் அவர் பெயரைக் கொஞ்சம் சூடாகக் கூப்பிட, பக்கத்து அறையிலிருந்து "யாருடா அது?" என்று எழுந்தே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஐடி டீம் முகவரியை மாற்ற முடியாது என்று கைவிரித்துவிட்டது, திரையில் தெரியும் பெயர் மட்டும் மாறியது. இப்போது என் ழ-வை மூன்று விதமாகக் கொல்கிறார்கள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் அப்பா கேட்டார், "ஏன்டா, இப்பல்லாம் யாரும் என்னைத் திட்டறதில்லையா?"