இடப்பக்கம் நிற்கும் ஊசிப்பாறை

ஜூன் 2
தாத்தா விட்டுச்சென்ற கடல் ஓவியத்தின் தூசியை இன்று தட்டினேன். கையொப்பம் இல்லை, பின்புறத் துணியிலும் ஓர் எழுத்தில்லை. வலப்பக்கம் வெண்ணிறச் செங்குத்துப் பாறை. அதன் நுனி வளைந்து கடலுக்குள் கால் ஊன்றி, வாயில்போல நிற்கிறது. அதற்கும் இடப்புறம், தனியே ஒரு கூர்ப்பாறை. இது வெறும் கற்பனையாக இருக்காது என்றே மனம் சொல்கிறது.

ஜூன் 4
இங்கிலாந்தின் டர்டில் டோர் வளைவோ என்று நினைத்தேன். அங்கே இப்படி ஊசிபோன்ற பாறை கிடையாது. பிறகு உருப்பெருக்கியில் பார்த்தபோது, வெள்ளைப் பாறையில் ஏட்டில் கோடு போட்டதுபோலக் கரும்பட்டைகள். சீமைச்சுண்ணாம்புப் பாறையில் சக்கிமுக்கிக் கல் அடுக்கடுக்காகப் படிந்தால் இப்படித்தான் தெரியும். பிரான்சின் நார்மண்டிக் கரை. எத்ரதா!

ஜூன் 5
எத்ரதாவில் பாறை வளைவுகள் மூன்று: அமோன், அவால், மன்போர்த். கூர்ப்பாறைக்கு 'ஊசி' என்றே பெயர். அவால் வளைவை ஒட்டி நிற்கிறது. ஆனால் ஊர்க் கடற்கரையிலிருந்து பார்த்தால் பாறை இடப்புறமும் ஊசி வலப்புறமும் அல்லவா தெரிய வேண்டும்? ஓவியர் வளைவுக்கு அப்பால், மறுபக்கக் கரையில் உட்கார்ந்திருப்பாரோ?

ஜூன் 8
படத்தைத் தொடவில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனே இதே இடத்தில் தீட்டிய அஸ்தமன ஓவியத்தை வானியலாளர் டொனால்ட் ஓல்சன் ஆராய்ந்த விதத்தைப் படித்தேன். சூரியன் இறங்கும் திசை, கடலின் ஏற்றவற்றம், மோனேயின் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 1883 பிப்ரவரி 5 என்று நாளையே சொல்லிவிட்டார். கண் கலங்கிவிட்டது.

ஜூன் 9
முன்னால் தெரியும் இரண்டையும் குடிசைகள் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். இல்லை, கூரை வேய்ந்த படகுகள்! கடலுக்கு உதவாத பழைய படகுகளை எத்ரதா மீனவர்கள் கரையேற்றி, வலையும் கயிறும் வைக்கும் கொட்டில்களாக்கினார்கள். 'கலோஜ்' என்பார்கள். அவை நின்றது ஊர்க் கரையில். அப்படியானால் மறுபக்கக் கரை என்ற பேச்சுக்கே இடமில்லை. படம்தான் இடவலம் புரண்டிருக்கிறது.

கைக்கண்ணாடியை எதிரே பிடித்தேன். பாறை, வளைவு, ஊசி மூன்றும் தத்தம் இடத்துக்கு வந்து நின்றன. கை நடுங்கியது.

தகட்டில் செதுக்கிய படம் தாளில் பதியும்போது இடவலம் மாறும். அப்படி மாறிப்போன அச்சுப்படம் ஒன்றைப் பார்த்து இதைத் தீட்டியிருக்க வேண்டும். நுரையை இவ்வளவு ஆசையாகத் தீட்டியவர் அந்தக் கடலைக் கண்டதே இல்லையோ என்று நினைக்க வருத்தமாக இருக்கிறது. நாளை முதல் எத்ரதாவின் பழைய அச்சுப்படங்களைத் தேடப் போகிறேன். கூரைப் படகுகள் இரண்டு, ஊசி இடப்பக்கம்.