டாம்கேட் மாற்றம்: பத்து நாள் நாட்குறிப்பு

2025 மார்ச் 3, திங்கள்

ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர் மென்பொருளான டாம்கேட் 7-இல் பல வருடமாக ஓடிய அப்ளிகேஷனை இன்று டாம்கேட் 9-க்கு மாற்றினோம். எடுத்த எடுப்பிலேயே ஒரு பிழை: டேட்டாபேஸுடன் பேசும் டிரைவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேற்கோள் குறி, டேட்டாபேஸ் யூஆர்எல் இடத்தில் 'நல்' (null, வெற்று மதிப்பு). பார்க்க டிரைவர் கோளாறு மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. டேட்டாசோர்ஸுக்கு (அப்ளிகேஷனுக்கு டேட்டாபேஸ் கனெக்ஷன் தருவது) வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் கேட்ட பெயரும் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல் கோப்பில் கொடுத்த பெயரும் ஓர் எழுத்து மாறியிருந்தன. கேட்ட பெயரில் எதுவும் கிடைக்காததால் டாம்கேட் ஒரு காலி டேட்டாசோர்ஸை உருவாக்கிக் கொடுத்துவிடுகிறது. பெயரைத் திருத்தியதும் ஓடியது.

மார்ச் 6, வியாழன்

மதியம் மூன்று சர்வர்களில் ஒன்று அப்படியே நின்றுவிட்டது. சிபியு சும்மா இருக்கிறது, டேட்டாபேஸும் சும்மா இருக்கிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. த்ரெட் டம்ப் எடுத்தேன், அதாவது கோரிக்கைகளைக் கையாளும் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல். வரிசையாக எல்லா த்ரெட்டும் ஒரே வரியில் காத்துக் கிடக்கின்றன: பூலிடம் கனெக்ஷன் கேட்கும் வரி. பூல் என்பது டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்து, கேட்பவருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் தொகுப்பு.

கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்லில் 'மேக்ஸ்ஆக்டிவ் 100', அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சம் 100 கனெக்ஷன், என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. லாகை மேலிருந்து படித்தபோதுதான் அந்த எச்சரிக்கை கண்ணில் பட்டது. டாம்கேட் 8 முதல் உள்ளே இருக்கும் பூல் டிபிசிபி 2 என்ற மென்பொருள். அதில் அந்தப் பெயர் 'மேக்ஸ்டோட்டல்' ஆகிவிட்டது. பழைய பெயரைக் கண்டால் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு இயல்பு மதிப்பான 8-ஐ எடுத்துக்கொள்கிறது. கனெக்ஷனுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் 'மேக்ஸ்வெயிட்' கதையும் அதேதான், இப்போது 'மேக்ஸ்வெயிட்மில்லிஸ்'. அதன் இயல்பு மதிப்பு −1, அதாவது கனெக்ஷன் கிடைக்கும்வரை காலவரையின்றிக் காத்திரு. டாம்கேட்டின் இயல்பு 200 த்ரெட், பூலில் 8 கனெக்ஷன். எட்டும் கையை விட்டுப் போனால் மற்ற எல்லாரும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பூல் கணக்குப்படி எட்டும் வெளியே போயிருக்கின்றன. எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லின் கனெக்ஷன் பட்டியலிலோ அந்த சர்வரிலிருந்து மூன்றுதான், மூன்றும் 'ஸ்லீப்', அதாவது வேலையின்றிச் சும்மா. மீதி ஐந்து எங்கே?

மார்ச் 7, வெள்ளி

பெயர்களை மாற்றினேன். "பேசாம மேக்ஸ்டோட்டலை 200 வச்சிடலாமா?" என்று உடன் வேலை செய்யும் தோழி கேட்டார். மைஎஸ்கியூஎல் இயல்பாக ஏற்பது 151 கனெக்ஷன். மூன்று சர்வருக்கும் தலா 40 என்றால் 120, பேக்கப்புக்கும் ரிப்போர்ட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 40 வைத்தோம். காத்திருப்பு 10 வினாடி. அதற்குள் கிடைக்காவிட்டால் பிழை வரட்டும், மௌனமாகத் தொங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

மார்ச் 10, திங்கள்

காலையில் முதலில் உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் இணைப்புத் துண்டிப்புப் பிழை. வார இறுதியில் யாரும் பயன்படுத்தவில்லை. 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம், சும்மா கிடக்கும் கனெக்ஷனை மைஎஸ்கியூஎல் தானே மூடிவிடும். பூலுக்கு அது தெரியாது, செத்த கனெக்ஷனை எடுத்து நீட்டுகிறது. கொடுக்கும் முன் சோதிக்கும் 'டெஸ்ட்ஆன்பாரோ' இயல்பாக ஆனில்தான் இருக்கும். வேகத்துக்காகவோ என்னவோ, எங்கள் கோப்பில் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். மறுபடி போட்டேன்.

வியாழக்கிழமை காணாமல் போன ஐந்துக்கும் இதுதான் விடை. 8 மணி நேரத்துக்கும் மேலாக யாரோ கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், மைஎஸ்கியூஎல் மூடிவிட்டது. சரி, யார்?

இரவு 11 மணிக்கு, ஓடும் ஜாவா புரோகிராமின் உள்நிலையைக் காட்டும் ஜேகன்சோலைத் திறந்தேன். உள்ளே ஒருவரும் இல்லை, பயன்பாட்டில் உள்ள கனெக்ஷன் பூஜ்யமாக இருக்க வேண்டும். 5 என்று காட்டுகிறது.

மார்ச் 12, புதன்

பிடித்துவிட்டோம். சோதனை சர்வரில், திருப்பித் தராமல் கைவிடப்பட்ட கனெக்ஷனைப் பிடுங்கும் 'ரிமூவ்அபாண்டன்ட்ஆன்பாரோ', அதை எடுத்த கோட் எது என்று லாகில் எழுதும் 'லாக்அபாண்டன்ட்' இரண்டையும் போட்டோம். பூல் ஏறக்குறைய காலியானால்தான் இந்தச் சோதனை நடக்கும், அதனால் மேக்ஸ்டோட்டலை 3 ஆகக் குறைத்தோம். கைவிடப்பட்டதாகக் கருதும் நேரம் 60 வினாடி. நிஜ சர்வரில் இப்படி வைக்கக் கூடாது, நீளமான ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கனெக்ஷனைப் பிடுங்கிவிடும்.

லாகில் வந்த ஸ்டாக் ட்ரேஸ் (எந்தக் கோட் வழியாக அழைப்பு வந்தது என்ற தடம்) நேராகக் கோப்புப் பதிவேற்றும் ஜாவா வகுப்பைக் (கிளாஸ்) காட்டியது. கோப்பில் ஒரு வரி தப்பாக இருந்தால் எக்ஸெப்ஷன் எழும். கனெக்ஷனைப் பூலுக்குத் திருப்பிக் கொடுக்கும் 'குளோஸ்' அதற்குக் கீழே, ட்ரை பிளாக்கின் கடைசி வரியில். அந்த வரிக்குப் போகவே போகாது. தப்பான ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கனெக்ஷன் காலி.

இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் போனது என்று தேடினேன். பழைய சர்வரைத் தினமும் நள்ளிரவில் ரீஸ்டார்ட் செய்ய ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடுவது) இருந்திருக்கிறது. 100 கனெக்ஷன், தினம் ஒரு ரீஸ்டார்ட். கனெக்ஷன் கசிவும் மைஎஸ்கியூஎல்லின் 8 மணி நேரக் கெடுவும் இரண்டுமே அதற்கு அடியில் மறைந்து கிடந்தன. புது சர்வரில் அந்தக் கிரானை யாரும் போடவில்லை. போடாததே நல்லது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

ஜாவா 7-லிருந்து இருக்கும், பிழை வந்தாலும் தானே 'குளோஸ்' செய்துவிடும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் முறைக்கு அந்த வகுப்பை மாற்றினோம். கனெக்ஷன், ஸ்டேட்மென்ட், ரிசல்ட்செட் மூன்றும் அடைப்புக்குறிக்குள். தப்பான கோப்பு இருபதை வரிசையாக ஏற்றிப் பார்த்தோம். மாலையில் மூன்று சர்வரிலும் போட்டாகிவிட்டது.

இரவு 11.20. ஜேகன்சோலில் 0, 0, 0.